மிஸ் வரைந்த பாத்தி

அன்றைக்கு உப்பளத்தில் இருந்தவர்கள். ஒன்று, நான். அடுத்தது என் மனைவியின் தம்பி. மச்சான் என்றே எழுதுகிறேன், அவனும் என்னை அப்படித்தான் கூப்பிடுவான். பாத்தியின் வாயை வெட்டித் தண்ணீரை விடுவதும் திரும்பக் கட்டுவதும் அவன் வேலை. அடுத்தது மன்னார் தாத்தா. எங்கள் ஆட்கள் அக்காவைத்தான் தாத்தா என்பார்கள். தொண்ணூறில் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து கட்டிய உடுப்போடு வந்தவர், உப்புச் சுமக்கிறவர். அடுத்தது சின்ன முதலாளி. வெயிலுக்குப் பயந்து கொட்டிலுக்குள் இருந்தார். அடுத்தது படம் வரைய வந்த மிஸ். கடைசியாக, மிஸ்ஸைப் புத்தளம் டவுனிலிருந்து கூட்டி வந்த த்ரீவீல்காரர். அவர் வந்த மூன்று நாளும் வண்டிக்குள் நித்திரை.

யுத்தம் முடிந்து சில வருடம். தெற்கிலிருந்து ஆட்கள் இந்தப் பக்கம் சும்மா பார்க்க வரத் தொடங்கிய காலம். மிஸ் சிலாபத்துச் சிங்கள மனிசி. பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பித்துப் பென்சன் எடுத்தவர். தலை முழுக்க நரை. காலில் ரப்பர் செருப்பு. முதல் நாள் வந்ததும் சொன்னார்.

“எனக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். பிழை இருந்தா சிரிக்க வேணாம்.”

மச்சான் சொன்னான், “பிழை இல்லாட்டியும் நாங்க சிரிப்பம் மிஸ்.”

அவர் எங்கள் எல்லாரையும் விடக் கூடச் சிரித்தார்.

என் வேலையைச் சொல்ல வேண்டும். நான் தண்ணீர் பார்க்கிறவன். பாத்தித் தண்ணீர் தொடக்கத்தில் வானத்தின் நிறத்தைக் காட்டும். நாள் போகப் போக ரோசா ஏறும். கடைசியில் செம்மண் கழுவிய மாதிரிச் சிவக்கும். அடியில் உப்பு விழுந்திருக்கும். அந்தச் சிவப்பு முத்தியதும் மேல் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். முந்தினால் விழ வேண்டிய உப்பு தண்ணீரோடு பக்கத்துக் கடலேரிக்கு, களப்புக்கு, போய்விடும். பிந்தினால் உப்பில் கசப்பு ஏறும். இதை அளக்க ஒரு கண்ணாடி மிதவை இருந்தது. அது உடைந்தபோது பெரிய முதலாளி புதிது வாங்கவில்லை. “அதுதான் நானாட கண் இருக்கே” என்றார். எங்கள் பேச்சில் நானா என்றால் அண்ணன், அது நான்தான். அதற்குப் பிறகு இருபது வருடம் என் கண்தான் மிதவை.

அந்த வருடம் இரண்டு பாத்தி பிழையாகிப் போனது. நான் வெட்டச் சொன்னேன், மச்சான் வெட்டினான். தண்ணீர் போன பிறகு பார்த்தால் அடியில் அப்பளம் மாதிரி மெல்லிய உப்பு. சின்ன முதலாளி மச்சானைத்தான் ஏசினார். வாயை ஆழமாக வெட்டி உப்பையும் சேர்த்து விட்டுவிட்டான் என்று. மூன்றாவதும் இப்படிப் போனால் ஆளை நிறுத்துவேன் என்றார். மச்சான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அவனுக்கு மூன்று பிள்ளை. நான் பக்கத்தில்தான் நின்றேன். வாய் திறக்கவில்லை. கண்ணில் ஏதோ என்று எனக்குள் ஒரு எண்ணம் இருந்தது. அதை வெளியில் விட்டால் என் வேலை போகும். உள்ளே வைத்துக்கொண்டேன்.

மிஸ் கிழக்குப் பக்கத்துப் பாத்திகளுக்கு முன்னால் ஒரு சின்னக் கதிரை போட்டு இருந்தார். மடியில் பலகை. பலகையில் தடித்த கடதாசி. தொட்டுத் தொட்டு வரைகிற ஆள் இல்லை. வெகுநேரம் பார்ப்பார். பிறகு ஒரே இழுப்பில் ஒரு துண்டு நிறத்தை வைப்பார். பிறகு திரும்பவும் பார்ப்பார். ஒரு காலை நேரத்துக்கு ஏழெட்டு இழுப்பு. மச்சான் என்னிடம் குசுகுசுத்தான், “இந்த மனிசிக்கு நாள் சம்பளம் எண்டா முதலாளி நேத்தே நிப்பாட்டி இருப்பார்.”

முதல் நாள் மிஸ் தூரிகைக்குத் தண்ணீர் கேட்டார். எங்களுக்குக் குடிதண்ணீர் பவுசர் லொறியில் வரும். கொட்டிலில் அதை ஊற்றி வைக்க ஒரு பரல். தாத்தாவின் காவலில் இருக்கும். கை கழுவக்கூட அதில் எடுக்க விடமாட்டார். தூரிகை கழுவ யார் அதில் தொடுவது? மச்சான் ஒரு பால்மா டின்னைப் பாத்தியில் முக்கி எடுத்துக் கொடுத்துவிட்டான். மிஸ் அதில்தான் நிறம் கரைத்தார்.

அடுத்த நாள் காலையில் கடதாசியைத் திறந்தால் காய்ந்த நிறம் முழுக்கப் பொடிப் பொடியாகப் பூத்திருந்தது. வெள்ளை நட்சத்திரம் மாதிரி. விரலை வைத்தால் சொரசொர. மிஸ் “அனே” என்றார், சிங்களத்து ஐயோ. மச்சான் பேயறைந்தவன் மாதிரி நின்றான்.

“யா அல்லாஹ், மிஸ், எனக்குத் தெரியாது. நாங்க கால் கழுவுறதும் அதிலதான்.”

மிஸ் கடதாசியை வெயிலுக்குச் சரித்துப் பார்த்தார். பிறகு வெற்று டின்னை நீட்டினார்.

“அதே தண்ணி. இன்னும் கொஞ்சம்.”

மூன்றாம் நாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்தோம். மிஸ் படத்தைக் கதிரையில் சாய்த்து வைத்திருந்தார். முடிந்துவிட்டது, வந்து பாருங்கள் என்றார். சின்ன முதலாளியும் கொட்டிலிலிருந்து வந்தார்.

படத்தில் கனக்க ஒன்றும் இல்லை. மேலே ஒரு மெல்லிய கோடு. அது களப்பு. கீழே நாலு கட்டம். அதுதான் பாத்திகள். நாலும் நேராக இல்லை, ஒன்று கொஞ்சம் சரிந்து நின்றது. வலப்பக்கம் இரண்டு முக்கோணம். தென்னோலைக் கிடுகு போட்டு மூடிய உப்புக் குவியல். நடுவில் குத்தென ஒரு இருட்டுக் கீறல். வேறொன்றும் இல்லை. வரப்புக்குக் கோடு இல்லை. கொட்டில் இல்லை. பனை இல்லை.

மச்சான்தான் தொடங்கினான். “மிஸ், ஆள்கள் எல்லாம் எங்க? நாங்க அண்டைக்கு லீவா?”

தாத்தா சொன்னார், “உன்ட மூஞ்சியப் போட்டா கடதாசி பழுதாப் போகும் தம்பி. நல்ல வேலை செஞ்சாங்க.”

“அந்தக் கறுப்பு நான்தான். பாருங்க, மம்பட்டியோட நிக்கிறன்.”

“அது கம்பு.”

“கம்புக்கு வயிறு ஈக்குமா?”

இரண்டு பேரும் மிஸ்ஸைப் பார்த்தார்கள். மிஸ் தோளைக் குலுக்கினார். “எனக்கும் தெரியாது. அந்த இடத்தில ஒண்டு நிக்க வேணும். இல்லாட்டி படம் விழும். அதுக்குத்தான்.”

சின்ன முதலாளிக்கு இது விளங்கவில்லை. “என்ன நானா, இது சின்னப் பிள்ளை வேலை மாதிரி இருக்கே” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

நான் படத்துக்குக் கிட்டப் போனேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சரிந்து நின்ற கட்டத்தில் உப்புப் பூத்திருந்தது, உண்மையான உப்பு. அதனால் என் புத்தி படத்தை விட்டுவிட்டுப் பாத்திக்குப் போய்விட்டது. பாத்தியைப் பார்ப்பது போலவே குனிந்து பார்த்தேன். வாய் தன்பாட்டில் சொன்னது.

“இது முத்திட்டுது. இண்டைக்கே வெட்டோணும்.”

எல்லாரும் சிரித்தார்கள். மச்சான் கையைத் தட்டினான். “மச்சான், கடதாசியில வாய் வெட்டவா? கத்தரிக்கோல் தாங்க!”

தாத்தாதான் சிரிக்கவில்லை. “எது முத்தினது?” என்று கேட்டார்.

“இது. செவந்து போய்க் கிடக்கே.”

“தம்பி, அது நீலம்.”

“எது நீலம்?”

“நீங்க கை வெச்சிருக்கிறதுதான். லேசா ரோசா கலந்த நீலம். செவப்பு மருந்துக்கும் இல்ல.”

நான் திரும்பவும் பார்த்தேன். எனக்கு அது தேயிலைச் சாயம் போட்டது மாதிரித்தான் தெரிந்தது. மிஸ் என் முகத்தைப் பார்த்தார். ஒரு துண்டுக் கடதாசி எடுத்தார். அதில் இரண்டு புள்ளி வைத்தார், பக்கத்தில் பக்கத்தில். “ரெண்டும் ஒண்டா, வேறயா?” என்று கேட்டார்.

“ஒண்டு” என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. மச்சானும் கையைக் கீழே விட்டுவிட்டான்.

மிஸ் வரைந்த அந்தச் சரிந்த கட்டம் கிழக்கிலிருந்து மூன்றாவது பாத்தி. அன்று காலையில் அதைத்தான் பார்த்துவிட்டு, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வெட்டு என்று மச்சானிடம் சொல்லியிருந்தேன்.

நான் பிடித்துக்கொள்ள இன்னும் ஒரு பிடி இருந்தது. படம் வரைகிறவர் நினைத்தபடி போடுகிறவர். ஆட்களை எடுத்துவிட்டார், கொட்டிலை எடுத்துவிட்டார், ஒன்றுமில்லாத இடத்தில் கறுப்புக் கீறல் வைத்தார். நிறத்தையும் அப்படிப் போட்டிருக்கலாம். அப்படியென்றால் என் கண் பிழையில்லை. மிஸ்ஸிடம் கேட்டேன்.

“மிஸ், இந்த நிறம் நீங்க பார்த்ததா, இல்லாட்டி விருப்பத்துக்குப் போட்டதா?”

மிஸ் கொஞ்சம் யோசித்தார். தமிழில் சொல் தேடினார் போல.

“உருவத்த என்ட விருப்பத்துக்குக் குறைச்சன். கனக்க எடுத்துட்டன். ஆனா நிறத்தில கை வைக்க இல்ல. பார்த்ததுதான் போட்டன். உருவம் இவ்வளவு கொஞ்சமா இருக்கிற படத்தில நிறமும் பொய் எண்டா பிறகு என்ன மிச்சம்?”

நான் மச்சானிடம் சொன்னேன், “மூணாவதை வெட்டாத.”

பிறகு சின்ன முதலாளிக்கு நேரே திரும்பினேன். “மிஸ் போட்டது சரி. என்ட கண்தான் பிழை. முந்தின ரெண்டு பாத்தியும் அப்பிடித்தான். இவன் வெட்டினது பிழை இல்ல. நான் சொன்னதுதான் பிழை.”

சின்ன முதலாளி கேட்டார், “உங்களுக்கு அப்பவே தெரியுமா நானா?”

“சந்தேகம் இருந்துச்சு.”

அவர் களப்புப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். மச்சான் என்னைப் பார்க்கவில்லை. காலால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தான். பிறகு தாத்தாவைப் பார்த்துச் சொன்னான், “பார்த்தீங்களா? நான் வெட்டுற வாய் பிஸ்கட் வெட்டின மாதிரி ஈக்கும் எண்டு எத்தின தரம் சொன்னன்.” அவ்வளவுதான். என்னிடம் அவன் அதைப் பற்றி ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

அன்றிலிருந்து தண்ணீர் பார்ப்பது தாத்தா. சின்ன முதலாளி யாரைப் போடுவது என்று தடுமாறினார். நான்தான் தாத்தாவைச் சொன்னேன். தலையில் கூடையோடு அந்த வரப்புகளில் எத்தனை வருடம் நடந்த ஆள். பாத்தியைப் பார்க்காமல் நடந்திருப்பாரா? மூன்றாவது பாத்தியை அவர் ஒன்பது நாள் கழித்துத்தான் வெட்டச் சொன்னார். உப்பு நாலு விரல் தடிப்பு.

மிஸ் போகும்போது வேறு படங்களைக் கொண்டு போனார். இதை விட்டுவிட்டார். “இதுக்குள்ள உப்பு இருக்கு. என்ட வீட்டுச் சுவர்ல அழும்” என்றார்.

“இங்கயும் மழைக்கு அழும் மிஸ்” என்றான் மச்சான்.

“இங்க அழுதா பார்க்க ஆள் இருக்கு.”

சின்னப் பிள்ளை வேலை என்று சொன்ன சின்ன முதலாளிதான் புத்தளத்தில் அதற்குக் கண்ணாடி போட்டார். கொட்டிலில் தேத்தண்ணி மேசைக்கு மேலே மாட்டினார். எனக்கு இரண்டு கண்ணிலும் கட்டரக், கண்புரை, நன்றாகப் பழுத்தது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஒரு கண்ணுக்கு ஒப்பரேசன். முறை வர மாதக்கணக்கில் ஆகும். அதுவரைக்கும் எனக்குக் கொட்டில் வேலை. தேத்தண்ணி ஊற்றுவது, கிடுகு பின்னுவது, சாக்குத் தைப்பது.

அந்த மாதங்களை இப்போதும் நினைப்பேன். வெட்கத்தோடு தொடங்கிய மாதங்கள். ஆனால் பத்து மணிக்கு எல்லாரும் கொட்டிலுக்கு வருவார்கள். பிளேன்டீ, தேங்காய்ச் சம்பல், பாண். மச்சான் பாணைப் பிய்த்துக்கொண்டே படத்தைக் காட்டி ஏதாவது சொல்லுவான். அந்தக் கறுப்பு அவன்தான் என்ற கதையை அவன் விடவில்லை. இப்போது அவன் கட்டாரில். போன் எடுத்தால், “நான் இன்னும் அங்க நிக்கிறனா?” என்று கேட்பான். தாத்தா பிள்ளைகளோடு மன்னாருக்கே திரும்பிவிட்டார். மிஸ் பிறகு வரவில்லை. ஆட்கள் போன பிறகுதான் அந்தப் பத்து மணி என்னவென்று தெரிகிறது.

அந்த மாதங்களில், தேத்தண்ணி குடித்து அவர்கள் வேலைக்குப் போனதும் நானும் படமும் மட்டும் இருப்போம். எனக்கு நிறம் பாதிதான் தெரியும். அதனால் உருவத்தைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க ஒவ்வொன்றாக வந்தது. கட்டம் ஏன் சரிந்திருக்கிறது என்று ஒரு கிழமை, ஏழு நாளும், யோசித்தேன். நாலும் நேராக இருந்தால் கண் ஓடிவிடும். அது சரிந்திருப்பதால் கண் அங்கே தட்டுப்பட்டு நிற்கிறது. கறுப்புக் கீறலைப் பெருவிரலால் மறைத்துப் பார்த்தேன். மிஸ் சொன்னது சரி. படம் வலப்பக்கம் விழுகிறது. விரலை எடுத்தால் நிமிர்கிறது.

இன்னொன்றும் கண்டேன். வரப்பை மிஸ் வரையவே இல்லை. கட்டத்துக்கும் கட்டத்துக்கும் நடுவில் கடதாசியைச் சும்மா விட்டிருக்கிறார். அந்த வெறும் வெள்ளைதான் வரப்பு. உப்பின் வெள்ளையும் அப்படித்தான். ஒரு துளி வெள்ளை நிறமும் அவர் தொடவில்லை. தொடாத இடம் வெள்ளையாக நிற்கிறது. நாங்கள் உப்பை உண்டாக்குவதில்லை, தண்ணீரைப் போக விடுகிறோம். இந்த மனிசிக்கும் அந்த வேலை தெரிந்திருக்கிறது என்று நினைத்தேன்.

மாரி வந்தது. கண்ணாடிக்குள்ளே படம் அழுதது. உப்புப் புள்ளிகள் ஈரமாகிக் கரைந்தன. வெயில் வந்ததும் திரும்பப் பூத்தன, முந்திய இடத்தில் அல்ல, கொஞ்சம் தள்ளி. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒப்பரேசன் வலது கண்ணுக்கு. பத்து நிமிடம்கூட இல்லை. பிறகு வீட்டில் மருந்துத் துளி, கறுப்புக் கண்ணாடி, வெயிலில் போகக்கூடாது. என் மனைவி கதவுச் சீலையை இழுத்துவிட்டு என்னை இருட்டில் வைத்தாள். கட்டுப்பாடு முடிந்த நாளே விடியப் பஸ் ஏறினேன்.

கொட்டிலில் யாரும் இல்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். இடது கண்ணைக் கையால் பொத்தினேன்.

நீலம் அங்கே இருந்தது. வெள்ளை உடுப்புக்கு நீலம் போடுவோமே, அதில் கடைசி அலசல் தண்ணீர், அந்த நீலம். அதற்கு அடியில் ரோசா, உள்ளங்கையைத் திருப்பிப் பார்ப்பது போல. இரண்டும் கலக்கவில்லை. ஒன்று காய்ந்த பிறகு மற்றது மேலே போயிருக்கிறது. குவியலின் நிழல் கறுப்பு என்று அவ்வளவு நாளும் நினைத்தேன். அது நாவல்பழம் தின்ற நாக்கின் நிறம். களப்புக் கோட்டில் ஒரு பச்சை, ஒரு நூல் அளவு. நடுவில் நின்ற கீறலும் கறுப்பு இல்லை. கடும் பழுப்பு, ஒரு ஓரத்தில் மட்டும் சிவப்பு. அது பக்கத்தில் நின்றதால்தான் நீலம் அவ்வளவு குளிராக இருந்தது.

கையை மாற்றி வலது கண்ணைப் பொத்தினேன். எல்லாம் தேத்தண்ணி. திரும்ப மாற்றினேன். நீலம். எத்தனை தரம் செய்தேன் என்று தெரியாது. பின்னால் தாத்தா கூடையோடு நின்றார்.

“வந்திட்டுதா?”

“வந்திட்டுது.”

அவர் கூடையை இறக்கி வைத்தார். வெளியே போய் மச்சானின் காதில் ஏதோ சொன்னார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, முழுக்கச் சுத்திப் பார்த்திட்டு வாங்க. எத்தின முத்தியிருக்கு எண்டு சொல்லுங்க. நான் பார்த்ததை இவனிட்டச் சொல்லியிருக்கன். பிறகு மாத்தினன் எண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது.”

“சரியா வந்தா?” என்று மச்சான் கேட்டான்.

“வந்தா நாளையில இருந்து ரெண்டு பேரும் பார்ப்பம். எனக்கும் வயசாகுது.”

“பிழையாப் போனா?”

“தேத்தண்ணி நல்லாத்தான் ஊத்துறார்.”

சின்ன முதலாளியும் கொட்டில் வாசலுக்கு வந்துவிட்டார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு வரப்பில் ஏறினேன். காற்று குறைவு. தண்ணீர் அசையாமல் கிடந்தது. முதல் சுற்று இரண்டு கண்ணாலும் பார்த்தேன். எண்ணிக்கொண்டு வந்தேன். ஒன்பது வந்தது. வாசலுக்குக் கிட்டே வந்துவிட்டேன். சொல்லியிருப்பேன். ஆனால் பழைய கண் இன்னும் பழைய கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது என்று நினைவு வந்தது. இடது கண்ணைப் பொத்திக்கொண்டு திரும்பவும் முதலிலிருந்து நடந்தேன்.

“என்ன நானா, இன்னொரு சுத்தா?” என்று சின்ன முதலாளி சத்தமாகக் கேட்டார்.

இரண்டாவது சுற்றில் ஒவ்வொரு பாத்திக்கும் நின்றேன். கிழக்கில் ஒன்று, மேற்கில் ஒன்று. இரண்டிலும் சிவப்புக்கு அடியில் இன்னும் நீலம் கிடந்தது. அவற்றை விட்டேன். மிச்சத்தை எண்ணினேன். வந்து தாத்தாவிடம் எண்ணைச் சொன்னேன்.

தாத்தா மச்சானைப் பார்த்தார். மச்சான் ஒரு சொல்லும் பேசவில்லை. அவனை அப்படி நான் கண்டதில்லை. மம்பட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வரப்பில் இறங்கிப் போனான். தாத்தா சொல்லி வைத்ததில் முதல் வாயை வெட்டினான். அடுத்ததற்குப் போனான். நான் வெயிலில் நின்று அவன் வெட்டிய வாய்களை எண்ணினேன்.

ஏழு.